கூதிர்ப் பாசறை

மார்கழி மாதம். முல்லைப் பெரியாற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று வகுப்பறைச் சாளரத்தின் வழியே நுழைந்து பின்வரிசைப் பிள்ளைகளின் தோள்களைக் குறுக வைத்திருந்தது. புறநானூற்றுத் தாயைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்டுச் சினந்து, வாளேந்திப் போர்க்களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து கிடந்த மகனின் உடலைக் கண்டு மகிழ்ந்த அந்த முதியவளின் கதை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டு. குரலை உயர்த்திச் சொன்னேன். வீரம், மானம், தமிழ்க்குடி என்று அடுக்கினேன். பிள்ளைகள் கைதட்டினர்.

கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எங்கண்ணன் பட்டாளத்துல இருக்கான். இப்ப பனிமலை மேல போட்டிருக்காங்க. அங்க என்ன சாப்பிடுவாங்க, எப்படித் தூங்குவாங்கன்னு பாட்டு எதுலயாச்சும் இருக்கா சார்?"

அவன் ஏளனத்துக்குக் கேட்கவில்லை. அறிய வேண்டிக் கேட்டான். வீட்டில் அவன் தாய் இரவெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் இளங்கலை பயின்றவன்; ஆசிரியப் பயிற்சி முடித்தவன்; சங்கப் பாட்டுகளைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக் கூடியவன். அந்தச் சிறுவனுக்கு உடனே ஒரு விடை சொல்ல என்னால் இயலவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த 'நாளை' பல வாரங்கள் நீண்டது. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்ல வேண்டிய விடை. உங்களுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டிய விடையும் ஆகும்.

சாவுக்கு முன் ஒரு வாழ்வு

தோழர்களே! நம் இலக்கியத்தில் படைவீரனுக்குப் பஞ்சமில்லை. களிற்றை வேலால் எறிந்தவன் இருக்கிறான். மார்பில் புண் ஏந்தியவன் இருக்கிறான். நடுகல்லாய் நின்றவன் இருக்கிறான். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும், போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி வேல் கொடுத்து அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். இவற்றை நாம் மறக்கவில்லை. மேடைதோறும் எடுத்தோதினோம், மாணவர் மன்றங்களில் நாடகமாக்கினோம், மொழி உணர்ச்சிக்கும் இன உணர்ச்சிக்கும் அவற்றை எரிபொருளாக்கினோம். அதில் தவறில்லை. உறங்கிய மக்களை எழுப்ப உரத்த குரல் தேவைப்பட்டது.

ஆனால், அந்தப் பாட்டுகளில் ஒரு படைவீரன் நம் கண்ணில் படுவது எப்போது? புறப்படும்போது ஒருமுறை, விழுந்து கிடக்கும்போது ஒருமுறை. இடையே என்ன நடந்தது? அவன் நின்றான், காத்திருந்தான், பசித்தான், நனைந்தான், நடுங்கினான், விழித்திருந்தான். போர் என்பது பெரும்பாலும் இதுதான். வாளோடு வாள் மோதும் நேரம் சிறிது. மழையிலும் பனியிலும் காவல் நிற்கும் நேரம் பெரிது. சிறிய நேரத்தைப் பாடிவிட்டுப் பெரிய நேரத்தை விட்டுவிட்டால், அது வீரத்தைப் பாடியதாகுமா? வீரன் தின்ற சோற்றையும் உறங்காத இரவையும் அறியாமல் அவன் சாவை மட்டும் அறிந்து வைத்திருப்பது எப்படிப்பட்ட அறிவு?

இந்தக் கேள்வியோடுதான் பத்துப்பாட்டை மீண்டும் கையில் எடுத்தேன்.

இரண்டு பாசறைகள்

பாசறை வாழ்வு தனியே பாடத்தக்க பொருள் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். தொல்காப்பியம் வாகைத் திணையில் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என இருவகைப் பாசறைகளைக் குறிக்கிறது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். வாடை புறப்படும் பருவம். குளிரில் வீடு திரும்பாமல் பாடி வீட்டில் தங்கியிருப்பதே ஒரு வெற்றி என்று எண்ணி, அதனை வாகையில் சேர்த்த இலக்கண ஆசிரியரின் நுட்பம் வியக்கத்தக்கது. எதிரியை வெல்வதற்கு முன் பருவத்தை வெல்ல வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்தப் பொருளுக்கு இரண்டு பெரும் பாட்டுகள் உள்ளன. ஒன்று நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, 103 அடி. மற்றொன்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, 188 அடி.

முல்லைப்பாட்டின் பாசறையை எண்ணிப் பாருங்கள். காட்டைத் திருத்தி, வேட்டுவரின் சிற்றரணை அழித்து, முள்ளால் மதில் வளைத்து அமைத்த இடம். தழை வேய்ந்த கூரைகள் தெருத்தெருவாய் நிற்கின்றன. நாற்சந்தியில் காவல் நிற்கும் யானை, கரும்பும் கதிரும் கட்டிக் கொடுத்த கவளத்தைத் தின்னாமல் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. பாகர்கள் தாங்கள் பயின்ற வடமொழிச் சொற்களைச் சொல்லி அதனைத் தின்னச் செய்கிறார்கள். ஊன்றிய விற்களும் வேல்களும் கேடயங்களுமே அரணாகின்றன. கச்சில் குறுவாள் கட்டிய மகளிர், அவிந்துபோகும் விளக்குகளுக்கு நெய் வார்த்து ஏற்றிக்கொண்டே இருக்கின்றனர். நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்வோர் இருக்கின்றனர். யவனர் காவல் உண்டு. சைகையாலேயே பேசும் மிலேச்சர் காவலும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் நடுவே ஓர் உருவம் என்னை நிறுத்தியது. நள்ளிரவில், துணியைத் தலையோடு போர்த்துக்கொண்டு, உறக்கம் கண்ணைச் சொருக அசைந்து அசைந்து நடக்கும் முதிய காவலர். தூறலோடு வரும் காற்றில் பூங்கொடிப் புதர் அசைவது போல அவர்கள் அசைந்தனர் என்கிறார் நப்பூதனார். ஆம், இதுதான் பாசறை! உறக்கத்தோடு போரிடும் காவலன். அவனை அவர் பழிக்கவில்லை. 'கடமை தவறினான்' என்று அதட்டவில்லை. கண்டார், கண்டபடி சொன்னார். இந்த ஓர் இடத்துக்காகவே நப்பூதனாரின் கையை முத்தமிடலாம்.

வாடை யாரைத் தொட்டது?

நெடுநல்வாடை இதனினும் பெரிய படைப்பு. குளிரைப் பற்றி இதற்கு நிகராகத் தமிழில் பாடியவர் யார்? மழையால் மேட்டுநிலம் தேடி ஆநிரையை ஓட்டிச் சென்ற கோவலர், பழகிய இடம் விட்ட கலக்கத்தோடு நெருப்பைச் சூழ்ந்து நின்று கைகளைக் காய்ச்சிக் கன்னங்களில் ஒற்றிக்கொண்டு பல் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சல் மறந்தன. குரங்குகள் கூனிக் குறுகின. பறவைகள் மரத்திலிருந்து விழுந்தன. கறவைப் பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளியது. மலைக்கும் குளிர் பிடித்தது போன்ற நள்ளிரவு. நகரத்தில் புறாக்கள் இரவு எது, பகல் எது என்று அறியாமல் மயங்கின. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடந்தது. விசிறி சிலந்திக்கூடு படிந்து தொங்கியது. குளிரைக் கண்முன் காட்டும் வித்தை இது. வகுப்பில் இப்பகுதியை நடத்தினால் பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொள்வார்கள்!

பின்னர் அரண்மனை, அரசியின் கட்டில், பிரிவுத் துயர். இறுதியில் ஏறக்குறைய இருபது அடிகள் பாசறைக்கு. வாடை வீசும்போதெல்லாம் விளக்கின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கிறது. சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று உடல்மேல் விழும் துளியைச் சிலிர்த்து உதறுகின்றன. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று, புண்பட்ட வீரர்களை முறைமுறையாகக் காட்டுகிறான். வாளைத் தோளில் மாட்டிய ஓர் இளைஞனின் பிடரியில் கையை ஊன்றிக்கொண்டு, நழுவும் மேலாடையை இடக்கையால் தழுவிக்கொண்டு, நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாத வேந்தன் சிலரோடு நடக்கிறான். பாட்டு அங்கே முடிகிறது.

ஓர் அரசனை வாள் வீசும்போது காட்டாமல், தூறலில் புண்பட்டவர்களைப் பார்க்கப் போகும்போது காட்டி முடித்த நக்கீரரின் உள்ளம் பெரிது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அதனைச் சுட்டியதால் இப்பாட்டு அகமா, புறமா என்று புலவர்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். அந்த வாதத்தில் செலவிட்ட மையில் ஒரு துளியை, பாயில் கிடந்த அந்தப் புண்பட்டவனுக்குச் செலவிட்டிருக்கலாம் அல்லவா?

என் குறை இதுதான். இந்தப் பாட்டில் குளிர் யார் யாரைத் தொடுகிறது என்று கணக்கெடுத்தேன். கோவலரைத் தொடுகிறது, பசுவைத் தொடுகிறது, குரங்கை, புறாவை, குதிரையை, விளக்குச் சுடரைக்கூடத் தொடுகிறது. படைவீரனை மட்டும் தொடவில்லை! அவன் வெறும் புண்ணாக வரிசையில் இருக்கிறான். அவனுக்குப் பல் நடுங்கவில்லை. கை காய்ச்ச நெருப்பில்லை. வாயில் ஒரு சொல்லில்லை. கோவலனின் கன்னத்தை அறிந்த புலவர், வேந்தனின் தோள் உயரத்திலிருந்தே வீரனைப் பார்க்கிறார். பாட்டின் அழகு குறையவில்லை. ஆனால் பார்வையின் எல்லை தெரிகிறது. பரிசில் பெற்றவரின் பார்வை அரண்மனை வாயிலிலிருந்து புறப்படுவது இயல்பு. அது அன்றைய நிலை. இன்றும் நாம் அந்த வாயிலிலேயே நிற்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

இன்றைய கூதிர்ப் பாசறை

இன்று தமிழ்நாட்டு இளைஞன் நிற்கும் கூதிர்ப் பாசறை வைகைக் கரையில் இல்லை. காரகோரம் மலையில், சியாச்சின் பனியாற்றின் மேல் இருக்கிறது. 1984 ஏப்ரல் 13-ஆம் நாள் இந்தியப் படை அங்கே ஏறியது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'மேகதூதம்'. பிரிந்த காதலிக்கு மேகத்தைத் தூதுவிட்ட காளிதாசனின் காவியப் பெயர்! பெயர் வைத்தவர் எதை எண்ணி வைத்தாரோ; உண்மையில் அது பொருந்தியது. மேலே போனவனுக்கும் கீழே இருப்பவளுக்கும் இடையே அன்றுமுதல் மேகமும் பனியுமே நிற்கின்றன.

ஒரு காலாட்படைக் கம்பெனி என்பது ஏறக்குறைய 120 பேர். அதில் மூன்று பிளட்டூன். ஒவ்வொரு பிளட்டூனிலும் பத்துப் பேர் கொண்ட மூன்று செக்சன். சமவெளியில் அது ஓரிடத்தில் நிற்கும் கூட்டம். பனியாற்றில் அது பத்துப் பேரும் அதனினும் குறைந்தவரும் தங்கும் காவல்நிலைகளாய்ச் சிதறிக் கிடக்கும். சில நிலைகள் 20,000 அடியையும் தாண்டியவை. நம் மேகமலையைப் போல நான்கு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாலும் அந்த உயரத்தை எட்டுவது அரிது.

அங்கே நேரே ஏறிவிட முடியாது. உடலைப் பழக்க வேண்டும். 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாள். 15,000 அடி வரை நான்கு நாள். அதற்கு மேல் மேலும் நான்கு நாள். இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு அவசரப்பட்டவனின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் ஆளைக் கொல்லும். பகல் வெயில் பனியை இளக்கிவிடும் என்பதால் நடை பெரும்பாலும் இரவிலும் விடியுமுன்னும். ஒருவர் இடுப்பிலிருந்து ஒருவர் இடுப்புக்குக் கயிறு. ஒருவன் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் பின்னுக்குச் சாய்ந்து அவனைத் தாங்க வேண்டும். குடி எது, மதம் எது, மொழி எது என்று கேட்டுக் கயிறு கட்டுவதில்லை அங்கே!

காவல்நிலையில் விடிந்தால் முதல் வேலை, தண்ணீர் செய்வது. ஆம், தண்ணீர் 'செய்ய' வேண்டும். பனியை வெட்டி எடுத்து மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்குகிறார்கள். அந்த அடுப்புதான் சமையற்கட்டு. அதுவே குளிர்காயும் கணப்பு. அதன் கரிதான் மூக்கிலும் தொண்டையிலும் படிவது. உணவு பெரும்பாலும் தகரக் குப்பிகளில் அடைத்தது. பசி இராது, உயரம் பசியைத் தின்றுவிடும். ஆரஞ்சுப் பழம் கல்லாகிவிடும். முட்டையைத் தரையில் அடித்தாலும் உடைவது அரிது. உறக்கமும் வராது, கண்ணயர்ந்தால் மூச்சுத் திணறி விழிப்பு வரும். வெறுங்கையால் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை வரை இறங்கும். வியர்வையும் பகை: மூட்டை சுமந்து வியர்த்தால் அந்த ஈரமே கையுறைக்குள் பனியாகி விரலைக் கடிக்கும். பனிப்புயல் அடித்தால் உலங்கூர்தி வராது; கடிதம் வராது; காய்ச்சல்காரன் கீழே இறங்க முடியாது. புயல் நின்ற பின் கூரைமேல் குவிந்ததை மண்வெட்டியால் தள்ளாவிட்டால் குடிலே புதைந்துவிடும். ஒரு நிலையில் சில மாதம் இப்படி.

2003 நவம்பரில் அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்தன. சாவு ஓயவில்லை. போர் நடந்த காலத்திலும் எதிரியின் குண்டுக்கு இரையானவரைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்களே மிகுதி. தொல்காப்பியர் பருவத்தையும் பகையாக எண்ணியது எவ்வளவு சரி!

வருசநாட்டுக்கு வந்த செய்தி

2016 பிப்ரவரி 3-ஆம் நாள், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின் மேல் பனிப்பாளம் சரிந்து விழுந்தது. உள்ளே பத்துப் பேர். மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு இருந்த மருத்துவ உதவியாளரும். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். அந்த நால்வரில் ஒருவர் நம் தேனி மாவட்டத்துக் குமணன்தொழுவைச் சேர்ந்தவர். ஆறாம் நாள், பல அடி ஆழப் பனியின் அடியிலிருந்து கருநாடகத்தைச் சேர்ந்த அனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் அவரும் மறைந்தார்.

வருசநாட்டு வறண்ட குன்றுகளின் அடியில் பிறந்தவன், வான் முழுதும் வெள்ளையான ஓர் இடத்தில் உயிர் விட்டான். இதில் எவ்வளவு பெரிய பொருள் இருக்கிறது! நம் எழுத்து என்ன செய்தது? 'வீரமரணம்' என்ற சொல் வந்தது. மலர்வளையம் வந்தது, சுவரொட்டி வந்தது, 'பனியில் பூத்த மலர்', 'இமயத்தில் உறங்கும் சிங்கம்' என்ற வகையில் கவிதைகள் வந்தன. அஞ்சலி செய்தவர்களின் நெஞ்சில் பொய்யில்லை என்பதை நான் அறிவேன். சொல்லில்தான் பொய். அவன் உறங்கவில்லை, தோழர்களே! அங்கே உறக்கமே வராது என்பதுதான் செய்தி. அவன் சிங்கமில்லை, மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் மாட்டிக்கொண்டு, பனியை உருக்கித் தேநீர் போட்டு, பக்கத்தில் இருந்தவனுக்கும் ஒரு குவளை கொடுத்த மனிதன்.

மொழியையும் நாம் கூர்மையாக்கிக்கொள்ளவில்லை. மார்கழி விடியலில் நம் புல்நுனியில் நிற்பதும் பனி. பத்துப் பேரைப் புதைத்ததும் பனி. ஒரே சொல்! அனுபவம் புதிதாக வரும்போது சொல்லும் புதிதாகப் பிறக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் எழுத்தாளர்கள். அலங்காரம் அதற்கு உதவாது. உற்றறிந்ததைச் சொல்லும் துணிவே உதவும்.

அலங்காரம் தீங்கு செய்வதையும் சொல்ல வேண்டும். 1962 நவம்பர் 18 அன்று, லடாக்கின் ரெசாங் லா கணவாயில் 13-ஆம் குமாவுன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் நின்றது. ஏறக்குறைய 120 பேரில் 114 பேர் மாண்டனர். குளிர்காலம் கழியும் வேளையில் அவர்களின் உடல்கள் பதுங்குகுழிகளில், துப்பாக்கி பிடித்தபடியே உறைந்து கிடக்கக் கண்டனர். 'கடைசித் தோட்டா வரை' என்று நாடு புகழ்ந்தது, புகழ வேண்டியதுதான். அதே போரில் மலையேறிய படைகளுக்குக் குளிருக்கேற்ற உடையும் காலணியும் போதவில்லை என்பதையும் நாடு அறியும். தோட்டாவைப் பற்றிப் பாட்டு இருந்தால், காலணியைப் பற்றியும் ஒரு பாட்டு வேண்டாமா? வீரத்தை வானளாவப் புகழ்ந்தால், 'ஏன் கம்பளி போதவில்லை?' என்று கேட்பது சிறுமை போல ஆகிவிடுகிறது. புகழ்ச்சியின் நிழலில் பொறுப்பு ஒளிந்துகொள்கிறது.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, உயர்மலைப் படையினருக்கான பனிக்கண்ணாடி, காலணி, உணவு ஆகியவற்றில் இருந்த குறைகளைச் சுட்டியது. என்ன விந்தை! படைவீரனின் காலையும் கண்ணையும் வயிற்றையும் எண்ணிப் பார்த்தவர் கவிஞரல்லர், கணக்கர்! முல்லைப்பாட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதற்கு நாண வேண்டும்.

பிறர் எப்படி எழுதினர்?

செருமானியர் எரிக் மரியா ரெமார்க், முதல் உலகப் போரில் படையில் இருந்தவர். 1929-இல் நூலாக வெளிவந்த அவர் நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். 150 பேருக்குச் சமைத்து வைத்த உணவுக்கு 80 பேரே திரும்புகின்றனர். ஆளுக்கு இரண்டு பங்கு கிடைக்கிறது. அவர்கள் வயிறார உண்டு மகிழ்கின்றனர். இழப்பின் கணக்கை அவர் கல்லறையில் எழுதவில்லை. அவரைக்காய்ச் சட்டியில் எழுதினார். சாகும் நண்பனின் நல்ல காலணி யாருக்கு என்ற கேள்வியை வைத்தார். இதைப் படிப்பவன் போரை வெறுக்கிறான், வீரனை வெறுப்பதில்லை. உருசியாவின் விக்தர் நெக்ராசவ், தாம் நின்று போரிட்ட ஸ்தாலின்கிராத்தின் பதுங்குகுழிகளை 1946-இல் நாவலாக்கினார். இவர்கள் உயர்ந்ததற்குக் காரணம் நடை அன்று, நெருங்கி நின்றது.

தமிழில் இது இயலாதா? இயலும். புண்பட்ட யானையையும், அம்பு தைத்துப் புல் உண்ணாமல் நிற்கும் குதிரையையும் எண்ணி உறங்காத அரசனை நப்பூதனார் பாடினார். உறங்கி விழும் காவலனைக் கண்ட கண் நம் மரபிலேயே இருக்கிறது. அதைவிட்டுப் பறையொலியை மட்டும் நாம் மரபென்று எடுத்துக்கொண்டோம்.

எழுதாத இடத்தில் என்ன முளைக்கிறது என்பதையும் சியாச்சின் காட்டுகிறது. பனியாற்றின் அடிவாரத்தில் 'ஓ.பி. பாபா' என்ற பெயரில் ஒரு கோயில் இருக்கிறது. ஓம் பிரகாஷ் என்ற படைவீரன் தனியாளாய் நிலை காத்து மறைந்தான் என்றும், இன்றும் கனவில் வந்து எச்சரிக்கிறான் என்றும் நம்பிக்கை. மேலே ஏறுவோர் அங்கே வணங்கி, விடை சொல்லிப் போகிறார்கள். பகுத்தறிவாளன் சிரிப்பதற்கு முன் சற்றுச் சிந்திக்க வேண்டும். சாவின் விளிம்பில் நிற்கும் இளைஞன் தன்னைப் போன்ற ஒருவனையே கடவுளாக்கிக்கொண்டான்; நடுகல் எடுத்த நம் முன்னோரும் அதைத்தான் செய்தனர். ஆனால் பனிச்சரிவைக் கனவு நிறுத்தாது. சரிவின் சாய்வையும் புதுப்பனியின் கனத்தையும் அளந்து சொல்லும் அறிவியல் நிறுத்த உதவும். நல்ல குடிலும் நல்ல காலணியும் உதவும். மனிதனை மனிதனாக நினைவில் வைக்க ஓர் இலக்கியம் இருந்தால், அவனைக் கடவுளாக்கித் தொலைவில் வைக்கும் தேவையும் குறையும்.

அந்தப் பையனுக்கு விடை

பொங்கல் கழிந்து சில நாளில் அந்தப் பையனின் அண்ணன் விடுப்பில் ஊர் வந்தார். வகுப்புக்கு அழைத்தேன். 'வீரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று நான் தொடங்கியதும் அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார். பிள்ளைகள் கேட்கத் தொடங்கினர். குளிப்பீர்களா? எப்போதாவது. பல் துலக்க? பசையைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் இளக்க வேண்டும். பயமாக இருக்குமா? இரவு வரும்போது காற்றின் ஒலி. எது நினைவு வரும்? ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சத்தம். அங்கே எல்லாம் தண்ணீர்தான். ஓடுகிற தண்ணீர் மட்டும் இல்லை என்றார். வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஒரு சிறுமி அதைக் கேட்டாள். கையுறையைச் சற்று நேரம் கழற்றியதாகச் சொன்னார். எதற்காகக் கழற்றினார் என்று கேட்டதற்கு, "தம்பி போட்டோவ எடுத்துப் பாக்கலாம்னு" என்றார். வகுப்பு அமைதியாயிற்று. யாரும் கைதட்டவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதில் பத்து அதிகாரங்களுக்குப் பொருள் இருந்தது. அவர் எழுதுபவரல்லர், எழுத வேண்டும் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதுமில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலும் வேலூரிலும் கிருஷ்ணகிரியிலும் மதுரைச் சீமையிலும் இத்தகைய எத்தனை பேர் விடுப்பில் வந்து திண்ணையில் அமர்ந்திருப்பர்! அவர்கள் கடிதங்கள் எத்தனை டிரங்குப் பெட்டிகளில் மங்கிக்கொண்டிருக்கும்! எழுதத் தெரிந்த நாம் அவர்களின் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. அவர்கள் வாய்மொழியை, அவர்கள் ஊர்ப்பேச்சிலேயே, அலங்காரம் கலக்காமல் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர்கள் இதனைத் தொடங்கலாம். செலவு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதுமே.

புறநானூற்றுத் தாயை நான் இனியும் பாடம் நடத்துவேன். ஆனால் அவளோடு நிறுத்த மாட்டேன். முல்லைப்பாட்டின் காவலனையும் பக்கத்தில் நிறுத்துவேன். வாடை தொடாமல் விட்ட அந்தப் படைவீரனை நாம் தொட வேண்டும் என்று சொல்வேன்.

அந்த வாரம் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னேன். அந்தப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் உண்டு. மானமும் இல்லை, சிங்கமும் இல்லை. "எங்கள் அண்ணன் காலையில் எழுந்ததும் முதலில் பனியை உருக்குவான்" என்று தொடங்கியிருந்தான். பிழைகளைத் திருத்தினேன், அந்த வரியில் என் சிவப்பு மையைப் படவிடவில்லை.